வளையல் சத்தம் நின்ற மத்தியானம்

இப்படி உட்கார்ந்து எழுதுவது ஓய்வு பெறுகிறவர்கள் செய்யும் வேலை. எனக்கு அந்த வயதாகவில்லை. மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, இந்த மாதக் கடைசியோடு காய்ச்சல் வார்டை இளம் மருத்துவர்களான உங்களிடம் விட்டுவிட்டுக் கிளம்புகிறேன், அவ்வளவுதான். ஆனால் நேற்று சுற்று வரும்போது உங்களில் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "மேடம், ஃப்ளூவோட வர்றவங்கள்ல யாரு சீரியஸ் ஆவாங்கன்னு பாத்த உடனே எப்படிங்க தெரியும்?" சுவரில் ஒட்டியிருக்கும் தாளைக் கையால் காட்டிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். அது பாதி பதில்தான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

அந்தத் தாளை எழுதி ஒட்டியவள் நான். பட்டியல் போடாமல் எனக்குக் காய்கறி வாங்கக்கூட வராது. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள், சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை உள்ளவர்கள், இதயமோ சிறுநீரகமோ பழுதானவர்கள், ஆஸ்துமாக்காரர்கள், உடல் பருமன் மிகுந்தவர்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இவர்களுக்குப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல் வைரஸ் மருந்தைத் தொடங்குங்கள். இவர்களைத் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் இன்னொரு வரி சேர்த்துக்கொள்ள வேண்டும். பௌர்ணமி. மலையைச் சுற்ற வருகிற கூட்டத்தில் இருமல் தோளோடு தோள் உரசிக்கொண்டு நடக்கிறது. அந்தக் கூட்டம் ஊர் திரும்பிச் சில நாள் கழித்து நம் வார்டு நிரம்பும். நாள்காட்டியில் பௌர்ணமி எப்போது என்று பார்த்த பிறகுதான் நான் விடுப்பு கேட்பேன்.

ஆனால் பட்டியல் எவ்வளவு தூரம் வரும்? செங்கம் சாலை விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் வந்தார். என் தாளின் ஒரு வரியிலும் அவர் இல்லை. அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அதே மாதம், ஏறக்குறைய எல்லா வரிகளிலும் இடம்பிடித்த பெரியவர் ஒருவர், வார்டு இட்லி கல்லாக இருக்கிறது என்று திட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்து போனார். ஆயிரம் பேரில் யார் யாருக்கு ஆபத்து அதிகம் என்று பட்டியல் சரியாகச் சொல்கிறது. நம் முன்னால் படுத்திருக்கும் ஒருத்தி என்ன ஆவாள் என்பதை அவளிடம்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதை எனக்குப் புரியவைத்தது ஒரு மாமியாரும் மருமகளும்.

தீபம் முடிந்த வாரம். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி டீக்கடை வைத்திருக்கும் ஏழுமலை தன் அம்மாவை ஆட்டோவில் கூட்டிவந்தார். அம்மா பச்சையம்மாவுக்கு எழுபதை நெருங்கும் வயது, பல வருடச் சர்க்கரை, முன்பு ஒருமுறை மாரடைப்பு. முந்தின நாள்தான் காய்ச்சல் தொடங்கியிருந்தது. காலில் புண் வந்தால்கூட ஆஸ்பத்திரிக்கு ஓடிவருகிற பழக்கம் உள்ளவர் என்பதால் உடனே வந்துவிட்டார். படுக்கை கொடுத்து, மருந்தைத் தொடங்கி, மூக்கில் பிராணவாயுக் குழாயை மாட்டினேன்.

துணைக்கு இருக்க வந்தவள் மருமகள் ரேவதி. ஏழு மாதம். தீபத்துக்கு முந்தின வாரம்தான் வளைகாப்பு முடிந்திருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குப் பாதி தூரம் வரை இரண்டு கையிலும் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள். மாமியாருக்குத் தலையணை சரிசெய்யும்போது ஜல்லென்ற சத்தத்துக்கு வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் முகக்கவசத்துக்குள் இருமலை விழுங்கியதையும் நான் பார்த்தேன்.

"உனக்கு எத்தனை நாளா காய்ச்சல்?" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க மேடம். இது சூடு. மாசமா இருந்தா உடம்பு சூடா இருக்கும்ல."

பச்சையம்மா படுத்தபடியே தலையைத் தூக்கினார். "பொய் சொல்றா டாக்டரம்மா. தீபத்தன்னிக்கே இருமிக்கினு கீறா. மாத்திரை வாங்கியாந்து குடுத்தா முந்தானைல முடிஞ்சி வெச்சிக்கிறா. நான் பாக்கலன்னு நெனப்பு."

"மாசமா இருக்கிறவ மாத்திரை போட்டா கொழந்தைக்கு ஆவாதுன்னு சொன்னாங்க அத்தை."

"யாருடி சொன்னது?"

"உங்க தங்கச்சிதான்."

"அவ பேச்சக் கேட்டு நான் மட்டும் உருப்பட்டேனா?"

பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்துச் சிரித்து இருமினார். துணைக்கு வந்தவளுக்கும் மாமியாருக்கு மறுபக்கம் காலியாக இருந்த படுக்கையைக் கொடுத்தோம். இந்தக் காய்ச்சலில் மருந்து சாப்பிடாமல் இருப்பதுதான் குழந்தைக்கு ஆபத்து என்று விளக்கி, முதல் மாத்திரையை என் கண்ணெதிரே விழுங்க வைத்தேன். ஆனால் மாமியார் இரண்டாம் நாளிலேயே பெற்ற மருந்தை, மருமகள் பல நாள் தாமதமாகப் பெற்றாள். இருவரும் என் தாளில் இருந்தார்கள். மாமியார் மூன்று வரிகளில், மருமகள் ஒரே வரியில். மருந்து எப்போது உள்ளே போனது என்ற வரி அப்போது அந்தத் தாளில் இல்லை. இப்போது கடைசியில் வேறு மையில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

மறுநாள் காலை ரேவதிக்கு முகமூடி வழியாகப் பிராணவாயு கொடுத்துக்கொண்டிருந்தோம். மூச்சு வேகமாக இருந்தது. ஓரிடத்தில் இருக்க முடியாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினாள், முகமூடியை இழுத்தாள், வயிற்றைத் தடவினாள். ஒவ்வொன்றுக்கும் ஜல்.

"தூங்க விடறாளா பாருங்க," என்றார் பச்சையம்மா. "கோயில் மாடு கழுத்த ஆட்டறா மாதிரி."

"நீங்க விட்ட குறட்டைக்கு இது கம்மிதான் அத்தை," என்று முகமூடிக்குள்ளிருந்து பதில் வந்தது. இரண்டு மூச்சில் சொன்னாலும் முழு வாக்கியம். அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

மத்தியானம் நான் மேசையில் உட்கார்ந்து வீடு திரும்புகிறவர்களுக்கான டிஸ்சார்ஜ் குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தேன். வார்டு அமைதியாக இருந்தது. பச்சையம்மா பெருமூச்சு விட்டு, "அப்பாடா, தூங்கிட்டா," என்றார். செவிலியர் லதா ரேவதியின் மூச்சை எண்ணிவிட்டு வந்து, "மேடம், ரேட்டு நல்லா கொறைஞ்சிருக்கு," என்று சந்தோஷமாகச் சொன்னார். விரலில் மாட்டிய கருவியும் பரவாயில்லாத எண்ணைக் காட்டியது. வார்டு முழுக்க நிம்மதி.

ஏன் எழுந்து போனேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். உள்ளுணர்வு என்று சொல்ல மாட்டேன். காலை முழுக்க ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, இப்போது கேட்கவில்லை. ஏதாவது நின்றால் ஏன் நின்றது என்று கேட்பது என் வழக்கம், மின்விசிறி நின்றாலும்கூட.

ரேவதி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. கழுத்தின் ஓரத்துத் தசைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் கயிறு போலப் புடைத்துத் தளர்ந்தன. தூங்குகிறவர்கள் கழுத்தால் மூச்சு விடுவதில்லை.

"ரேவதி, எப்படிம்மா இருக்க?"

"ம்."

"குழந்தை அசையுதா?"

"அசை... யுது."

காலையில் மாமியாரின் குறட்டையைக் கிண்டல் செய்தவளிடம் இப்போது ஒரு சொல்லுக்குக்கூட மூச்சு இல்லை.

ரத்தத்தில் வாயுக்களின் அளவு தெரிய, தமனி ரத்தம் எடுத்துப் பார்க்க முடிவு செய்தேன். அதை மணிக்கட்டில் எடுப்போம். அவள் மணிக்கட்டு முழுக்க வளையல். கை வேறு உப்பியிருந்ததால் மேலே தள்ளவும் இடமில்லை. வளையலின் மேல் என் விரல் பட்டதும் பச்சையம்மா குழாயோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"உடைக்காதீங்க டாக்டரம்மா."

அவர் குரலிலிருந்து கிண்டல் போயிருந்தது. அவருடைய இரண்டு கையும் வெறுமையாக இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். கணவர் போன அன்று யாரோ உடைத்திருப்பார்கள். இந்த ஊரில் ஒரு பெண்ணின் கையில் கண்ணாடி வளையல் உடைபடுவது எதற்கென்று நான் அவருக்கு விளக்க வேண்டியதில்லை, அவரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

"தேவையில்லாம உடைக்க மாட்டேன்மா," என்றேன். "ஆனா கை இன்னும் வீங்கி ரத்த ஓட்டம் தடைபட்டா உடைப்பேன். கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேன்."

அவர் மறுபடி தலையணையில் சாய்ந்துகொண்டார். "அப்போ உடைச்சிக்கோங்க. உசிரு இருந்தா வேற போட்டுக்கலாம்."

ரத்தத்தைப் பாதத்தில் எடுத்தேன். மேல்பாதத்திலும் ஒரு துடிப்பு உண்டு, தேடினால் கிடைக்கும். நான் குனிந்து அவள் பாதத்தைப் பிடித்ததும், அத்தனை களைப்பிலும் மெட்டியோடு காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். "அய்யோ மேடம்... கால... தொட..." மிச்சமிருந்த மூச்சை மரியாதைக்குச் செலவழித்தாள்.

முடிவு வந்தது. கரியமில வாயு நார்மல்.

இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள். என்னோடு பணியில் இருந்த மருத்துவர் பரிசோதனை முடிவுத் தாளைப் பார்த்துவிட்டு, "நார்மலா இருக்கே. அப்ப ஐசியூ பெட்டை மாமியாருக்குக் குடுத்துடலாம். வயசு, சுகர், ஹார்ட், எல்லாம் அங்கதானே?" என்றார். அவர் சொன்னதில் குறை காண முடியாது. காய்ச்சல் வார்டின் கோடியில் கதவு போட்டுப் பிரித்த சில படுக்கைகள்தான் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவு. அன்று அதில் காலியாக இருந்தது ஒன்றே ஒன்று. வெளியூர் அனுப்பலாமென்றால், அந்த நிலையில் ரேவதி ஆம்புலன்ஸ் பயணத்தைத் தாங்குவாளா என்பது சந்தேகம். என் பட்டியலை வைத்துப் பார்த்தால் அந்தப் படுக்கை பச்சையம்மாவுக்கு.

ஆனால் அது யாருடைய நார்மல்?

கர்ப்பம் தரித்த உடம்பு முதல் மாதங்களிலேயே தன் மூச்சை மாற்றிக்கொள்கிறது. இருவருக்காகவும் ஆழமாக இழுத்து, அதிகமாக வெளியேற்றுகிறது. அதனால் கர்ப்பிணியின் ரத்தத்தில் கரியமில வாயு எப்போதுமே நம்மைவிடக் கம்மியாக இருக்கும். காய்ச்சலில் காலையிலிருந்து வேகவேகமாக மூச்சு விட்டவளுக்கு இன்னும் கீழே இறங்கியிருக்க வேண்டும். அப்படிப்பட்டவளிடம் நம்முடைய நார்மல் எண் தென்பட்டால், அது அடியிலிருந்து ஏறி வந்துகொண்டிருக்கிறது. வெளியேற்றும் வலு குறைகிறது. மூச்சின் வேகம் தணிந்ததும், திரும்பிப் படுப்பது நின்றதும், வளையல் அடங்கியதும் ஒரே செய்தி. அந்த உடம்பு ஓய்ந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் ஏறினால் எல்லோருக்கும் புரியும், ஆனால் அப்போது புரிந்து பயன் இருக்காது.

இதைச் சொன்னதும் அந்த மருத்துவர் தாளை மறுபடி வாங்கிப் பார்த்தார். "நான் மயக்க மருந்து டாக்டரக் கூப்பிடறேன், நீ வீட்டுக்காரங்ககிட்ட பேசு," என்றார். இப்படி ஒருவர் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏழுமலையிடம் இரண்டு பேரின் நிலையையும் சொன்னேன். ஒரு பக்கம் அம்மா, மறு பக்கம் மனைவியும் குழந்தையும். "யாருக்குன்னு என்னக் கேக்காதீங்க மேடம்," என்றார்.

"கேக்கல. அது என் வேலை. ரேவதியை உள்ள கொண்டு போறேன். அம்மாவை இங்கயே வெச்சுப் பாத்துக்கறேன். இது சரியான முடிவான்னு இப்பவே எனக்குத் தெரியாது. ஆனா ரேவதிக்கு இனிமே நேரம் கம்மி, அது தெரியும்."

பச்சையம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். "பெட்டு ஒண்ணுதானாமே. அவளுக்கா?"

"ஆமாம்மா."

"நல்லது. ஆனா எனக்கு ஏதாவது ஆச்சின்னா உங்களத்தான் வந்து புடிப்பேன், பாத்துக்கோங்க."

உள்ளே கொண்டுபோய்ச் சற்று நேரத்திலேயே ரேவதிக்குச் செயற்கைச் சுவாசக் குழாய் போட வேண்டியதாயிற்று. வெளிச்சமிருக்கும்போதே, எல்லோரும் தயாராக நிற்கும்போது, அவசரமில்லாமல் போட்டோம். மகப்பேறு மருத்துவர் பக்கத்தில் நின்றார். எக்ஸ்ரேயில் நுரையீரலின் பெரும்பகுதி வெள்ளையாக இருந்தது. இவ்வளவு குறைவான நுரையீரலை வைத்துக்கொண்டா அவள் காலையில் கிண்டல் பேசினாள்? நான் படித்த எந்தப் புத்தகத்தைவிடவும் அந்தப் படம் என்னை மலைக்க வைத்தது.

அடுத்த நாட்கள் அமைதியானவை. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. மயக்க மருந்தில் ரேவதி அசையாமல் கிடந்தாள். வயிற்றின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தாதபடி இடப்பக்கமாகச் சற்றுச் சாய்த்துப் படுக்க வைத்திருந்தோம். ஒவ்வொரு முறை பணி மாறும்போதும் வளையலுக்கும் தோலுக்கும் நடுவே லதா விரலை விட்டுப் பார்ப்பார். விரல் போனது. உடைக்க வேண்டிய தேவை வரவில்லை.

குழந்தையின் இதயத் துடிப்பு கருவியில் கேட்டது, அசைவு மட்டும் இல்லை. "தாய்க்குக் குடுக்கற மயக்கம் குழந்தைக்கும் போகும்," என்றார் மகப்பேறு மருத்துவர். "துடிப்பு நல்லா இருக்கு. காத்திருக்கலாம்." காத்திருப்பதும் சிகிச்சைதான் என்று எல்லோரும் சொல்வோம். அதைச் செய்துகொண்டிருப்பவருக்குத்தான் அதன் கனம் தெரியும்.

கதவுக்கு இந்தப் பக்கம் பச்சையம்மாவுக்கு ஒரு நாள் மோசமாகப் போனது. சர்க்கரை எகிறியது, பிராணவாயுவைக் கூட்ட வேண்டியிருந்தது. அன்று நான் எடுத்த முடிவு என் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மறுநாள் காலை அவர், "கஞ்சில உப்பு கம்மி," என்றார். அந்தக் குறையைக் கேட்டு அவ்வளவு மகிழ்ந்தவள் நானாகத்தான் இருப்பேன்.

நான் நுழையும்போதெல்லாம் அவர் ஒரே கேள்வியைக் கேட்பார்: "சத்தமே காணோமே டாக்டரம்மா?" தூங்க விடவில்லை என்று திட்டிய அதே சத்தத்தைத்தான் கேட்டார். "இன்னும் இல்லம்மா," என்பேன்.

ரேவதியின் நுரையீரல் தெளியத் தொடங்கியதும் மயக்க மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். ஒரு சாயங்காலம் நானும் லதாவும் அவளைச் சுத்தம் செய்து, போர்வையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பினோம். அவள் வலக்கையை வயிற்றின் மேல் வைத்திருந்தார் லதா. சுவாச இயந்திரம் தன் பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலில் மலை மேகத்துக்குள் பாதி.

ஜல்.

இருவரும் திரும்பினோம். ரேவதியின் கண் மூடியிருந்தது. விரல்கள் அசையவில்லை. லதா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மறுபடியும் அந்தக் கை வயிற்றோடு சேர்ந்து துள்ளி அடங்கியது. ஜல்.

உள்ளே இருப்பவர் உதைத்திருக்கிறார்.

தாயின் ரத்தத்தில் பிராணவாயு குறைந்தாலும் அதிலிருந்து தன் பங்கை இழுத்துக்கொள்ளும் ரத்தம் கருவில் இருக்கும் குழந்தைக்கு உண்டு. முதலாண்டிலேயே படித்தேன், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். அது வளையல் ஓசையாக வந்து காதில் விழும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. முகக்கவசத்துக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். லதா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கதவைத் திறந்துகொண்டு பச்சையம்மாவிடம் போனேன். "சத்தம் கேட்டுச்சும்மா."

"எழுந்துட்டாளா?"

"இல்ல. இது உங்க பேரப்பிள்ளை."

அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. பிறகு புடவைத் தலைப்பை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "அதுவும் என்னத் தூங்க விடாதா?" என்றார் தலைப்புக்குள்ளிருந்து.

இதற்கு மேல் உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய தத்துவம் இல்லை. சுவரில் உள்ள தாளை விட்டுவிட்டுத்தான் போகிறேன். அதைப் படியுங்கள், நம்புங்கள், பிறகு தாளை விட்டு நோயாளியைப் பாருங்கள். எந்த எண்ணைப் பார்த்தாலும் இது யாருடைய எண் என்று கேளுங்கள். வார்டு திடீரென்று நிம்மதியானால் எழுந்து போய்ப் பாருங்கள். கையைத் தொட முடியாவிட்டால் காலைத் தொடுங்கள்.

குழாயை எடுத்த அன்று ரேவதிக்குக் குரல் வரவில்லை. தொண்டை புண்ணாகியிருந்தது. பேச வேண்டாம் என்றேன். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியும் போகாமலிருந்த பச்சையம்மா, முகக்கவசம் போட்டுக்கொண்டு கதவருகே வந்து நின்றார். உள்ளே வரக்கூடாது என்பது விதி. எட்டிப் பார்த்தால் படுக்கையின் கால்மாடுதான் தெரியும்.

"இன்னாடி, கீறியா?" என்றார்.

ரேவதி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. என்னைப் பார்த்தாள். பிறகு வலக்கையை மெல்லத் தூக்கி, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து ஆட்டினாள்.

ஜல், ஜல், ஜல்.

"கேக்குது, கேக்குது," என்றார் பச்சையம்மா கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. "போதும், தூங்கு."